வாலிபப் பிள்ளைகளும் நல்ல சகவாசமும்

 

பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிள்ளானிலிருந்து கேரித் தீவிலுள்ள ஒரு மளிகைக் கடைக்கு அரிசியும் பருப்பும் வெங்காய மூட்டைகளும் கொண்டுபோக வேண்டியிருந்தது. வழக்கமாகப் போகும் டிரைவருக்குக் காய்ச்சல். ஆகவே நானே லாரியை எடுத்தேன். மூட்டை இறக்க ஒரு கை வேண்டுமே என்று பதினாறு வயதான என் இளைய மகனையும் எழுப்பி உடன் ஏற்றிக்கொண்டேன். தெலுக் பங்ளிமா காராங் தாண்டிப் பாலத்தில் ஏறும்வரை எங்களுக்குள் பேச்சு ஏதுமில்லை. அவன் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏதாவது பேசவேண்டுமே என்று, "உன் சிநேகிதர்கள் யார் யார்?" என்று கேட்டேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்து, "எதுக்கு அத்தா?" என்றான்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. கடனுக்குச் சரக்கெடுக்கும் வாடிக்கைக்காரர்கள் எனக்கு நூறு பேருக்கு மேல் உண்டு. யார் மாதக் கடைசியில் தவறாமல் தருவார், யார் இழுத்தடிப்பார், யாருடைய மைத்துனர் எந்த ஊரில் கடை வைத்து நொடித்துப் போனார் என்பது வரை பேரேட்டைத் திறக்காமலே சொல்லுவேன். என் வீட்டுப் பிள்ளை யாரோடு பழகுகிறான் என்று கேட்டால் ஒரு பெயர்கூட எனக்குத் தெரியாது. இது என் ஒருவனுடைய நிலைமை அன்று என்பதைச் சங்கக் கூட்டங்களில் பலரோடு பேசிப் பழகியதால் அறிவேன். ஆகையினாலேயே இந்த விஷயத்தை எழுதத் துணிந்தேன்.

கேரித் தீவைப் பார்த்திராதவர்களுக்குச் சிறிது சொல்லவேண்டும். கிள்ளான் துறைமுகத்துக்குத் தெற்கே, கோல லங்காட் மாவட்டத்தைச் சேர்ந்த தீவு அது. தீவு என்ற பெயரேயொழிய படகு வேண்டியதில்லை. பாலத்தின்மேல் லாரி போய்விடும். எட்வர்டு வாலன்டைன் கேரி என்ற தோட்டத் துரையின் பெயரைத் தாங்கியிருக்கிறது. முற்காலத்தில் ரப்பர் நட்டார்கள். இன்று கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. தோட்டத் தமிழர்களும், மலாய்க்காரர்களும், மா மெரி என்னும் பூர்வகுடி மக்களும் அங்கே வாழ்கிறார்கள். தீவின் திசைகளையே பெயராகக் கொண்ட தமிழ்ப் பள்ளிகள் உண்டு.

அந்தத் தோட்டத்துப் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது வரை ஒரு குறையும் இல்லை. பணக்குறையைச் சொல்லவில்லை; ஆள்குறையைச் சொல்லுகிறேன். திடலில் ஒருவனை அடித்துவிட்டு வந்தால், அவன் வீடு சேருமுன் செய்தி தாய்க்கு எட்டிவிடும். பெற்றோர் தவிரப் பத்துப் பெரியவர்கள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அதட்டுவார்கள். பசித்தால் சோறும் போடுவார்கள். பதின்மூன்றாம் வயதில் தமிழ்ப் பள்ளி முடிந்து, பாலம் தாண்டி இடைநிலைப் பள்ளிக்குப் போகிறான். மலாய் மொழியில் போதிய தேர்ச்சி பெறாதவன் புகுமுக வகுப்பு என்று ஓராண்டு கூடுதலாக உட்காருகிறான். தேர்ச்சி பெற்ற தோழன் முதலாம் படிவத்துக்குப் போய்விடுகிறான். ஆறு ஆண்டுகள் ஒரே பெஞ்சியில் இருந்தவர்கள் ஒரே நாளில் பிரிகிறார்கள். பெரிய பள்ளி, புது வாத்தியார்கள், இவன் யாரென்று அறிந்தவர் எவருமில்லை. பஸ் பாலத்தைத் தாண்டும்போது அவனுடைய பத்துப் பெரியவர்களும் இந்தக் கரையிலேயே நின்றுவிடுகிறார்கள்.

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் வளரும் பிள்ளைகளுக்கோ அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளும் கிடைப்பதில்லை. சிலாங்கூரின் தோட்டங்கள் பல 1980களிலும் 1990களிலும் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்பட்டபோது, அங்கிருந்து வெளியேறிய குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் மட்டும் விட்டு வரவில்லை. திடல், பள்ளி, அடுத்த லயத்து மாமா எல்லாவற்றையும் விட்டு வந்தார்கள். அடுக்குமாடி வீட்டில் எதிர்க்கதவுக்காரர் பெயர் தெரியாது. நாம் வியாபாரிகள், தோட்டத்து ஜனங்களின் கஷ்டம் நமக்கேது என்று நினைக்கலாம். நம் வீட்டைத்தான் பார்ப்போமே! காலை ஆறு மணிக்குக் கடை திறந்தால் இரவு பதினொன்றுக்குச் சாத்துகிறோம். சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர்களில் பலருக்குச் சாத்துவதே கிடையாது. பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் நாம் வீட்டில் இல்லை. நாம் வீட்டிலிருக்கும் நேரத்தில் அவன் அறைக்கதவு சாத்தியிருக்கிறது.

பதின்மூன்றிலிருந்து பத்தொன்பது வயது வரையுள்ள பிள்ளை தாய் தகப்பனை விட்டுச் சற்று விலகி நிற்பதை நன்றிகெட்டதனம் என்று பலர் வருந்துகிறார்கள். அது வளர்ச்சியின் இயல்பு. பெற்ற தகப்பன் மெச்சினால், "நம் அத்தாதானே, வேறென்ன சொல்வார்" என்று தோன்றும். அந்நியர் ஒருவர் மெச்சினால்தான் தனக்கும் ஒரு பெறுமதி உண்டென்று அவனுக்குப் புலப்படும். சரக்குக்கு முதலாளி சொல்லும் விலை விலையாகுமா? சந்தை சொல்லவேண்டுமல்லவா? ஆகவே வாலிபன் எப்படியும் சந்தைக்குப் போவான். அது எந்தச் சந்தை என்பதே நாம் கவனிக்கவேண்டியது.

2013-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பெயர்ப் பட்டியலை வெளியிட்டது. அவற்றுள் பல வெறும் எண்களையே பெயராக வைத்துக்கொண்டவை. அவற்றின் உறுப்பினர்கள் 40,000 பேருக்கு மேல் என்றும், அவர்களில் 28,000 பேருக்கு அதிகமானோர் இந்தியர் என்றும் அமைச்சு கூறிற்று. நாட்டு ஜனத்தொகையில் நூற்றுக்கு ஏழு பேராக இருக்கும் நாம், அந்தப் பட்டியலில் பத்துக்கு ஏழு பேராக இருந்தோம். அதில் தமிழ் முஸ்லிம்கள் எத்தனை பேர் என்று பிரித்துப் பார்த்து ஆறுதல் அடைய முயல்வது வீண். நம் பிள்ளை அதே பள்ளியில், அதே பஸ்ஸில்தான் போகிறான்.

இத்தகைய கூட்டங்கள் பிள்ளைகளைப் பிடிப்பது பயமுறுத்தி என்றே பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். கடைத்தெருவில் இத்தனை ஆண்டுகள் இருந்து நான் பார்த்ததில் பெரும்பாலும் அப்படியில்லை. முதலில் கொடுக்கிறார்கள். ஒரு வேளைச் சாப்பாடு, மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய், பள்ளியில் எவனாவது வம்பு செய்தால் வந்து நிற்கும் நாலு அண்ணன்மார். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பட்டப்பெயர். "வாடா தம்பி" என்று தோளில் ஒரு கை. கணக்கு எழுதப்படுவது பிள்ளைக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்து ஒரு நாள், "இந்தப் பொட்டலத்தை அங்கே கொண்டுபோய்க் கொடு" என்று வரும்போதுதான் முதலும் வட்டியும் கண்ணில் படும். வட்டிக்காரனிடம் அகப்பட்டவன் கதையைத் தெரியாத வியாபாரி உண்டா? ஆனால் அந்த வட்டிக்காரன் கொடுத்தானே, தோளில் கை, அதை நாம் கொடுக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நல்ல கூட்டத்தையும் கெட்ட கூட்டத்தையும் பிரித்தறிவது எப்படி என்று ஒரு சகோதரர் என்னைக் கேட்டார். புதிய ஆளுக்குக் கடன் கொடுக்குமுன் நாம் பார்க்கிறவற்றைப் பார்த்தாலே போதும் என்றேன். கடை எங்கே, எந்நேரம் திறந்திருக்கும், நாம் சொல்லாமல் போய் நின்றால் முகம் மாறுகிறதா? பிள்ளைகள் கூடும் இடத்துக்குத் தகப்பன் திடீரென்று போனால் நாற்காலி போடுகிற கூட்டம் நல்ல கூட்டம். பேச்சை நிறுத்துகிற கூட்டத்தில் ஏதோ இருக்கிறது. பொறுப்பான பெரியவர் ஒருவர் உண்டா, அவரை ஊரில் நாலு பேர் அறிவார்களா? பணம் வாங்கினால் ரசீது உண்டா? இவையெல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. அதைவிட்டு விலக முடியுமா? பந்து விளையாட்டுச் சங்கத்துக்கு மூன்று வாரம் போகாவிட்டால் தேடி வந்து, "உடம்புக்கு என்ன?" என்பார்கள். மற்றதில் தேடி வந்து கேட்கும் கேள்வி வேறு.

நம் சமூகத்துக்கு இது புதிய பாடமன்று. நம் பாட்டன்மார்களில் எத்தனை பேர் பதின்மூன்று, பதினான்கு வயதில் நாகூரிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் இராமநாதபுரக் கடற்கரை ஊர்களிலிருந்தும் தாய் தகப்பனைப் பிரிந்து கப்பலேறி வந்தார்கள்! கடை மாடியில் பாய் விரித்துப் படுத்தார்கள். அவர்களுக்குக் குடும்பத்தின் இடத்தில் நின்றது ஊர்ச் சங்கமும் பள்ளிவாசலும் ஒரே சஹனில் கைவைத்த தோழர்களும்தான். காய்ச்சலில் கிடந்தவனுக்குக் கஞ்சி காய்ச்சியது ஊர்க்காரன். ஊருக்குக் கடிதம் எழுதத் தெரியாதவனுக்கு எழுதிக் கொடுத்தது பக்கத்துக் கடை நானா. கணக்குப்பிள்ளையின் காதைத் திருகலும் உண்டு. அந்தக் காலத்தில் எல்லாம் இனிமையாயிருந்தது என்று சொல்ல நான் வரவில்லை. முதலாளி கடுமையானவராக அமைந்துவிட்டால் பையன் பட்ட பாடு அவனுக்கும் அல்லாஹ்வுக்கும்தான் தெரியும்.

இன்னும் பின்னோக்கிப் போனால், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாலிப வயதிலேயே நமக்கு முன்மாதிரி இருக்கிறது. அதுவும் ஒரு வியாபாரியின் வழக்கு. யமன் நாட்டு ஜபீதிலிருந்து மக்காவுக்குச் சரக்குக் கொண்டுவந்த ஒருவரிடம் குறைஷிப் பிரமுகர் ஒருவர் பொருளை வாங்கிக்கொண்டு விலையைக் கொடுக்க மறுத்தார். அந்நியரான வியாபாரி அபூகுபைஸ் மலைமீது ஏறி நின்று முறையிட்டார். கேட்டவர்கள் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் என்பவர் வீட்டில் கூடி, அநீதி இழைக்கப்பட்டவர் எவராயினும் அவர் பக்கம் நிற்போம் என்று உடன்படிக்கை செய்தார்கள். அதுதான் ஹில்ஃபுல் ஃபுளூல். அதில் முன்னின்றவர்களுள் ஒருவர் நாயகத்தின் பெரிய தந்தையரில் ஒருவரான ஜுபைர் இப்னு அப்துல் முத்தலிப். அப்போது இருபது வயது மதிக்கத்தக்க வாலிபராயிருந்த நாயகம் அவர்களும் அந்தச் சபையில் இருந்தார்கள். நபித்துவம் கிடைத்த பிறகும் அந்த உடன்படிக்கையைப் பெருமையுடன் நினைவுகூர்ந்தார்கள். குடும்பத்துப் பெரியவர் சென்ற சபையில் வாலிபருக்கும் இடம் இருந்தது. பல கோத்திரத்தார் கூடிய இடம். பேசப்பட்டதோ ஒரு வழிப்போக்கர் பட்ட அநியாயம். நம் கூட்டங்களில் வாலிபர்களை எங்கே உட்காரவைக்கிறோம்? பெரும்பாலும் பிரியாணிச் சட்டிக்குப் பக்கத்தில்.

மலாயாவில் நிகழ்ந்த ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். 1935-ல் சிங்கப்பூரில் தோன்றிய 'தமிழ் முரசு' பத்திரிகையைக் கோ. சாரங்கபாணி நடத்தினார். அப்பத்திரிகையில் 1950களின் தொடக்கத்தில் 'மாணவர் மணிமன்றம்' என்று ஒரு பகுதி வந்தது. பெரியவர்கள் பிள்ளைகளுக்கு உபதேசம் செய்யும் பகுதியாக மட்டும் அது இருந்திருந்தால் நாலு வாரத்தில் மறந்துபோயிருக்கும். அதில் பிள்ளைகளே எழுதினார்கள். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்த ஒரு பையன், கம்பிக்கு அப்பால் உலகத்தைக் காணாதவன், தன் பெயர் அச்சில் வந்திருப்பதைப் பார்த்தான். நூறு மைலுக்கு அப்பால் இன்னொரு தோட்டத்தில் தன்னைப் போலவே எழுதும் ஒருவன் இருப்பதை அறிந்தான். பத்திரிகைப் பக்கத்தில் அறிமுகமானவர்கள் பிறகு ஊருக்கு ஊர் மன்றம் கூட்டினார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாரும் இளைஞர்களே. பேசப் பழகினார்கள், நாடகம் போட்டார்கள், நூல் நிலையம் வைத்தார்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிற்காலத்தில் பெயர் பெற்ற தமிழ் எழுத்தாளர்கள் பலர் அந்தப் பக்கத்தில் எழுதத் தொடங்கியவர்கள். தமிழ் இளைஞர் மணிமன்றங்கள் மலேசியாவில் இன்றும் இருக்கின்றன. ஒரு பத்திரிகைப் பக்கத்திலிருந்து எழுபது ஆண்டு வாழும் கூட்டம் எப்படி முளைத்தது? பிள்ளைகள் கையில் வேலையைக் கொடுத்தார்கள் என்பதே எனக்குத் தோன்றும் காரணம்.

நம்மவர்கள் செய்ததும் ஒன்றுண்டு. சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941-ல் அமைந்தது. பெரிய முதலாளிகள் நிறைந்த சங்கமல்ல. தஞ்சோங் பகார் வட்டாரத்தில் உழைத்துப் பிழைத்தவர்கள் பலர் சேர்ந்தது. யுத்தம் முடிந்து எல்லாரும் நலிந்திருந்த சமயத்தில், 1946-ல், அவர்கள் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். சீறாப்புராணம் தந்த உமறுப்புலவரின் பெயரை அதற்கு வைத்தார்கள். முஸ்லிமல்லாத தமிழ்ப் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள். தொடக்கப் பள்ளியோடு பிள்ளைகளைக் கைவிட மனமில்லாமல் 1960-ல் அதை உயர்நிலைப் பள்ளியாக்கினார்கள். சிங்கப்பூரில் தமிழில் உயர்நிலைக் கல்வி தந்த பள்ளி அது ஒன்றே. மாணவர் தொகை குறைந்து 1982-ல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டே உமறுப்புலவர் பெயரில் தமிழ் மொழி நிலையம் ஒன்று அங்கே ஏற்பட்டது. கடையநல்லூர்க்காரர்கள் பன்னிரண்டு வயதில் நின்றுவிடாமல் மேலே யோசித்தார்களே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

நாம் இன்று பள்ளிக்கூடம் கட்ட வேண்டியதில்லை. கையருகில் இருப்பதையே பலர் பார்ப்பதில்லை. இடைநிலைப் பள்ளியில் ஒவ்வொரு மாணவனும் ஒரு சீருடை இயக்கத்திலும், ஒரு கழகத்திலும், ஒரு விளையாட்டிலும் சேரவேண்டும் என்பது நம் நாட்டு விதி. சாரணர் படை, செம்பிறைச் சங்கம், செயின்ட் ஜான் முதலுதவிப் படை, காவல் கேடட் என்று உண்டு. ஆண்டுத் தொடக்கத்தில் இதற்கான பாரம் வீட்டுக்கு வருகிறது. கல்லாவில் நின்றபடியே படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். பொதுப் பல்கலைக்கழக நுழைவுக்கு நூற்றில் பத்துப் புள்ளி இந்தப் புறப்பாட நடவடிக்கைகளுக்கு என்று வைத்திருக்கிறார்கள் என்பதைச் சொன்னால் வியாபாரிகள் நிமிர்ந்து உட்காருவார்கள்! புள்ளி கிடக்கட்டும். சனிக்கிழமை காலையில் காயத்துக்குக் கட்டுப்போடப் பழகும் பையனுக்கு, சீனப் பையன் ஒருவனும் மலாய்ப் பையன் ஒருவனும் தோழராகிறார்கள். அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு வாத்தியார் கிடைக்கிறார்.

"மார்க்கம் கெட்டுவிடாதா? நம் பிள்ளை நம்மவர்களோடு இருந்தால் போதாதா?" என்று கேட்பவர்களின் கவலை நியாயமானதே. தொழுகை நேரத்தையும் சாப்பாட்டையும் பற்றி முன்கூட்டியே சொல்லிவிட்டால், மதிக்காத வாத்தியாரையோ தோழனையோ நான் இதுவரை கண்டதில்லை. பள்ளிவாசலில் குர்ஆன் ஓதி முடித்த பிள்ளை, அதன்பின் பள்ளிவாசலுக்கு வெள்ளிக்கிழமை மட்டும் வருகிறவனாகிவிடுகிறானே, அது நம்மவர்களுக்குள்ளேயே நேர்கிற இழப்பு. ஓதி முடித்தவனுக்குச் சின்னப் பிள்ளைகளை ஓதவைக்கும் வேலையையோ, நோன்புக் கஞ்சி விநியோகத்தின் கணக்கையோ கொடுத்தால் அவன் நின்றுவிடுவான்.

பெண்மக்களைப் பற்றியும் சொல்லவேண்டும். சகவாசம் என்றால் ஆண்பிள்ளை விவகாரம் என்றே நினைக்கிறோம். பெண்ணை வீட்டுக்குள் வைத்தால் பத்திரம் என்று நினைத்து, கையில் கைபேசியையும் கொடுத்துவிட்டு, யாருடன் பேசுகிறாள் என்பதை அறியாமலிருக்கிறோம். பள்ளிகளில் புத்ரி இஸ்லாம் என்ற மாணவியர் இயக்கம் இருக்கிறது. தமிழ்மொழிக் கழகங்கள் இருக்கின்றன. அனுப்புவதற்குத் தயங்கும் தாய்மார்கள், முதல் இரண்டு கூட்டங்களுக்குத் தாமே உடன் போய் உட்கார்ந்து பார்க்கட்டும்.

வழி தவறி, பள்ளியையும் விட்டுவிட்ட பிள்ளை இருந்தால் வீட்டுக்குள் மறைத்துவைக்க வேண்டாம். அத்தகைய பிள்ளைகளைத் தங்கவைத்துத் தொழில் பழக்கும் மைஸ்கில்ஸ் அறநிறுவனம் 2011 முதல் நடந்துவருகிறது. உலு சிலாங்கூரிலுள்ள கலும்பாங்கில் அதன் பயிற்சி வளாகம் உள்ளது. போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

நம் சங்கங்களின் குறையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இளைஞர் பிரிவு என்று பெயரிட்டு, அதன் தலைவராகப் பேரன் எடுத்தவரை வைத்திருக்கும் சங்கங்களை நான் அறிவேன். இந்நாட்டுச் சட்டமே நாற்பது வயது வரை இளைஞர் என்று சொல்லிற்று. 2019-ல் நாடாளுமன்றம் அதை முப்பதாகக் குறைக்கும் திருத்தத்தை நிறைவேற்றியது. நாற்பது வயதுக்காரர் பேச, பதினைந்து வயதுக்காரன் கைதட்டிவிட்டுப் போவதற்கு இளைஞர் பிரிவு எதற்கு? நூறு வெள்ளியை அவர்கள் கையில் கொடுத்து, வரவு செலவு எழுதி மாதக் கடைசியில் காட்டச் சொல்லுங்கள். இரண்டு வெள்ளி குறையத்தான் செய்யும். நாம் முதன்முதலில் கல்லாவில் உட்கார்ந்த நாளில் குறையவில்லையா?

கேரித் தீவுக் கதையை நடுவில் விட்டுவிட்டேன். மூட்டை இறக்க அரைமணி நேரம் ஆயிற்று. கடைக்காரர் தேத்தண்ணீர் கொடுத்தார். எதிர்த்திடலில் பந்தாடிக்கொண்டிருந்த பையன்களுக்குக் கோல் காக்க ஆள் குறைந்தது. என் மகனைக் கூப்பிட்டார்கள். நான் கணக்கு முடித்து இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். எனக்கு எரிச்சல்தான், ஒளிப்பானேன்? சேறும் சகதியுமாக வந்து ஏறினான். பாலம் வருவதற்குள் நாலு பெயர்கள் சொன்னான். ஒருவனுடைய தகப்பனார் செம்பனைக் குலை அறுப்பவர். ஒருவன் சுங்கை பும்புன் கிராமத்து மா மெரிப் பையன்.

அதன்பின் மூன்று முறை போய்விட்டோம். இரண்டாம் முறை அந்தப் பையன் எங்களைத் தன் கிராமத்துக்கு அழைத்துப்போனான். மா மெரி மக்கள் நீரி மரத்தில் செதுக்கும் முகமூடிகள் உலகப் பிரசித்தம். கொட்டகையில் ஒரு முதியவர் செதுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த பையன் மணல்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான். "உங்கள் மகனா?" என்று கேட்டேன். இல்லை, அக்கம்பக்கத்துப் பையன், உளி பிடிக்க இன்னும் நாளாகும் என்றார். அவர் பேசியதெல்லாம் அவ்வளவே. பையன் எழுந்து போகவும் இல்லை, கைபேசியை எடுக்கவும் இல்லை.

அடுத்த சரக்கு வரும் மாதம் இரண்டாம் ஞாயிறு போகிறது. லாரியின் முன்னே இருவருக்கு இடமுண்டு. வேனில் வருகிறேனென்று ஒரு சகோதரர் சொல்லியிருக்கிறார், அதில் ஏழு பேர் ஏறலாம். பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அனுப்ப விரும்புகிறவர்கள் சங்கத்தில் பெயர் கொடுக்கலாம். தகப்பன்மார் ஒருவராவது கடையை விட்டு உடன் வரவேண்டும் என்பது நிபந்தனை. லுஹர் தொழுகைக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறோம். பந்து வாங்கியாயிற்று. காற்றடிக்கும் பம்பு ஒன்று யாரிடமாவது இருந்தால் கொடுத்துதவவும்.